கரிம வேதியியல் வகுப்பில் ஊக்கமூட்ட எந்த வழி? ஆறு முறைகளின் ஒப்பீடு

இளநிலை வேதியியல் மாணவர்களுக்குக் கரிம வேதியியல் நடத்தத் தொடங்கும் விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் ஒரே முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள். மாணவர்கள் வினைகளை நெட்டுருப் போடுகிறார்கள், தேர்வில் கொட்டுகிறார்கள், அடுத்த பருவத்தில் அல்டால் குறுக்கம் என்ற வினையின் பெயரைச் சொன்னால் புதிதாகக் கேள்விப்படுவதுபோல் பார்க்கிறார்கள். ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிகிறது. எதை மாற்றுவது என்பதில்தான் தயக்கம். புத்தாக்கப் பயிற்சிகளில் ஒரு வல்லுநர் குழுவேலை என்கிறார், அடுத்தவர் காணொளி என்கிறார், மூன்றாமவர் அன்றாட வாழ்க்கையோடு தொடர்புபடுத்தச் சொல்கிறார். ஒவ்வொன்றும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துபோலவே முன்வைக்கப்படுகிறது.

இது நம் ஊர் மாணவர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் என்று எண்ண வேண்டியதில்லை. 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் வகுப்பில் இருந்த 350 பேரில் 82 பேர் பாடம் நடத்தப்பட்ட விதத்தையும் மதிப்பெண்களையும் குறைகூறி மனுவில் கையெழுத்திட்டனர். துறையில் பெயர்பெற்ற மூத்த பேராசிரியர் ஒருவரின் பணி ஒப்பந்தம் அதையடுத்து முடிவுக்கு வந்தது. மாணவர்கள் உழைக்கவில்லை என்று ஒரு தரப்பும், கற்பித்தல் சரியில்லை என்று மறுதரப்பும் வாதிட்டன. எந்த வகுப்பில் எந்தக் குறை இருக்கிறது என்று பார்க்காதவரை அந்த வாதம் எங்கும் தீராது.

## எதைக் கொண்டு அளப்பது

முறைகளை ஒப்பிடுமுன் அளவுகோல்களைச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியரின் நேரம், பணச்செலவு, வகுப்பின் அளவு, பருவத்தேர்வுடன் பொருத்தம் ஆகிய நான்கும் எவரும் கேட்கக்கூடியவை. ஐந்தாவது இவை நான்கையும்விட முக்கியமானது என்பது என் கருத்து: உங்கள் வகுப்பில் இருப்பது எந்த வகை ஊக்கக் குறைவு?

ஊக்கமின்மை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது இரண்டு வேறுபட்ட நிலைகள் இருக்கின்றன. ஒன்று, ‘இது எனக்கு வராது’ என்ற முடிவு. மற்றொன்று, ‘இது எனக்கு எதற்கு’ என்ற கேள்வி. எதிர்பார்ப்பு, மதிப்பு என்ற இரண்டையும் பிரித்துப் பேசும் கல்வி உளவியல் கோட்பாடு பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. இவ்விரண்டில் ஒன்று அறவே இல்லையென்றாலும் மாணவர் முயல மாட்டார் என்பதே அதன் சாரம். வெளியிலிருந்து பார்த்தால் இரு வகையினரும் ஒன்றுபோலவே தெரிவார்கள்: கடைசி வரிசை, வெற்று நோட்டு, கைப்பேசி. ‘எதற்கு’ என்று வாய்விட்டுக் கேட்பவர்களில்கூடப் பலருக்கு உள்ளே இருப்பது ‘வராது’ என்பதுதான். பயனில்லை என்று சொல்வது, புரியவில்லை என்று சொல்வதைவிட மானத்துக்குப் பாதுகாப்பானது.

பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. பாடவேளையின் தொடக்கத்தில், யாராலும் செய்யக்கூடிய ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். மெத்தாக்சைடு அயனியில் எதிர்மின் சுமை எந்த அணுவின்மீது இருக்கிறது? அம்மோனியா, போரான் ட்ரைஃபுளோரைடு இரண்டில் எது கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் இணையைத் தரக்கூடியது)? இதற்கு வகுப்பு குனிந்து எழுதத் தொடங்கினால், அங்கே விருப்பம் செத்துவிடவில்லை. இதுவரை செய்யக்கூடியது எதுவும் அவர்கள் கைக்கு வரவில்லை என்றே பொருள். இதற்கும் எழுதாமல் உட்கார்ந்திருப்பவர்களே இரண்டாம் வகையினர். என் அனுபவத்தில் இரண்டாம், மூன்றாம் பருவ வகுப்புகளில் முதல் வகையினரே பெரும்பான்மை. நாமோ அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகைக்குரிய மருந்தைக் கொடுக்கிறோம். ஆஸ்பிரின் கதையையும் சாயத்தொழில் கதையையும் சொல்கிறோம். அவர்கள் கதையை ரசித்துவிட்டு, வினைவழிமுறை (வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்ற விளக்கம்) வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் ‘கருக்கவர் பொருள்’, ‘நீக்க வினை’ என்று படித்துத் தேறியவர், கல்லூரியில் அதே கருத்தை ஆங்கிலப் பெயரில் சந்திக்கிறார். வேதியியல் தெரியாததால் வரும் தடுமாற்றமும் மொழி பழகாததால் வரும் தடுமாற்றமும் விடைத்தாளில் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். எந்த முறை இந்த மாணவரைத் தமிழில் வாய்திறந்து பேசவைக்கிறது என்பதும் ஒரு அளவுகோலே.

## 1. வாரந்தோறும் சிறுதேர்வு

எந்தப் பணச்செலவும் இல்லாதது. துறைத் தலைவரின் அனுமதிகூடத் தேவைப்படாதது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம், இரண்டே கேள்விகள். ஒன்று அந்த வாரத்துப் பாடத்திலிருந்து, மற்றொன்று மூன்று வாரத்துக்கு முந்தையதிலிருந்து. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பதே நீண்டநாள் நிற்கிறது என்பதை 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோரின் ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மீண்டும் வாசித்தவர்கள் முன்னே நிற்கிறார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் படிக்கும் மாணவர் ஏன் தன் முறையே சரியென்று நம்புகிறார் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

‘வராது’ என்பவருக்கு இது ஏன் உதவுகிறது என்றால், சிறிய வெற்றி வாரந்தோறும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு அகத்தேர்வு நடத்தி அதில் 50-க்கு 14 வாங்கியவருக்கு அந்த எண்ணிலிருந்து எதைச் சரிசெய்வது என்று தெரிவதில்லை. சிறுதேர்வில் வினைவழிமுறையின் ஒரே ஒரு அம்புக்குறி தவறு என்றால் எதைத் திருத்துவது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது.

இதன் மறைசெலவு திருத்தும் வேலை. 60 தாள்கள், தாளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்; அதே ஆசிரியர் மூன்று வகுப்பு எடுப்பவராக இருந்தால் மூன்றாம் வாரமே முறை படுத்துவிடும். விடையைக் கரும்பலகையில் போட்டு, பக்கத்தில் இருப்பவரின் தாளைத் திருத்தச் செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. இரண்டாவது மறைசெலவு மதிப்பெண்ணால் வருவது. பல பல்கலைக்கழகங்களில் அக மதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருப்பதால், இந்தச் சிறுதேர்வுகளை அதில் சேர்த்துவிட ஆசை வரும். அளவோடு சேர்க்கலாம், முழுவதும் சேர்த்தால் மதிப்பெண் நின்ற நாளில் முயற்சியும் நின்றுவிடும். பணம் கொடுத்துப் புதிர் போடவைத்த மாணவர்கள், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரை முன்னைவிடக் குறைவாகவே தொட்டார்கள் என்று 1971-இல் உளவியலாளர் எட்வர்ட் டெசி காட்டியது இந்த இடத்துக்கு நேரடியாகப் பொருந்தும். சிறந்த ஆறு தாள்களை மட்டும் எடுத்துக்கொள்வது, வராத நாளுக்குத் தண்டனை வைக்காதது ஆகிய இரண்டும் இந்தக் கூர்மையைச் சற்றே மழுக்கும்.

பொருந்தும் இடம்: 50-க்கு மேற்பட்ட வகுப்பு, ஒரே ஆசிரியர், வேறு எந்த வசதியும் இல்லாத துறை.

## 2. வினைவழிமுறையை முன்னால் கொண்டுவருதல்

நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் பாடத்திட்டங்களும் பாடநூல்களும் பெரும்பாலும் வினைசெயல் தொகுதி வாரியாக அமைந்தவை: ஆல்கேன், ஆல்கீன், ஹாலோ ஆல்கேன், ஆல்கஹால், ஆல்டிஹைடு. ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு, பண்புகள், பயன்கள். மாணவர் பார்வையில் இது நூற்றுக்கணக்கான தனித்தனி வினைகளின் பட்டியல். ஆல்டிஹைடுடன் ஹைட்ரஜன் சயனைடு சேர்வது ஒரு வினை, கிரிக்னார்டு வினைப்பொருள் சேர்வது வேறொன்று, சோடியம் போரோஹைட்ரைடு ஒடுக்கம் மூன்றாவது, அல்டால் நான்காவது. நான்கிலும் எலக்ட்ரான் மிகுந்த ஒன்று கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது, ஆக்சிஜன் எதிர்மின் சுமையை ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கண்டுவிட்டவருக்கு மனப்பாடச் சுமை அங்கேயே கால்பங்காகிவிடுகிறது. காணாதவருக்கோ நான்கும் நான்காகவே இருக்கின்றன.

மாணவர் வினைவழிமுறை எழுதும்போது அருகில் நின்று கவனியுங்கள். அமில ஊக்கியில் அசிட்டோன் என்ற கேள்விக்கு, பலர் முதலில் வலப்பக்கத்தில் விளைபொருளை நினைவிலிருந்து எழுதிவிடுவார்கள். பிறகு இடப்பக்கத்தில் வினைபடுபொருள். நடுவில் காலியிடம். கடைசியாக அந்த இடத்தை வளைந்த அம்புகளால் நிரப்புவார்கள். புரோட்டானிலிருந்து தொடங்கி ஆக்சிஜனில் முடியும் அம்பு ஒன்று தவறாமல் இருக்கும். ‘புரோட்டான்தானே போய் ஒட்டுகிறது’ என்பது அவர்கள் தரப்பு நியாயம். அம்பு அணுவின் பயணத்தைக் காட்டவில்லை, எலக்ட்ரான் இணையின் பயணத்தைக் காட்டுகிறது, எனவே அது ஆக்சிஜனின் தனி இணையில்தான் தொடங்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்கு ஒரு மொழியின் இலக்கணம்போல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. வழிமுறையைக் கொண்டு விளைபொருளைக் கண்டறிவதற்குப் பதிலாக, தெரிந்த விளைபொருளுக்கு அம்புகளால் அலங்காரம் செய்யும் இந்தப் பழக்கம் அமெரிக்க மாணவர்களிடமும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அம்புக்குறி 1922-இல் வேதியியலாளர் ராபர்ட் ராபின்சன் காலத்திலிருந்து கணிப்புக்கான கருவியாகவே வளர்ந்தது. நம் வகுப்புகளில் அது ஐந்து மதிப்பெண் கேள்வியின் ஒப்பனையாகிவிட்டது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகம் 2012-இல் தன் கரிம வேதியியல் பாடங்களை இந்த நோக்கில் மாற்றி அமைத்தது. முதலில் வினைகளே இல்லாமல் அம்புக்குறி மொழி மட்டும். அடுத்து அமில-கார வினைகள். பிறகு வினைசெயல் தொகுதி வாரியாக அல்லாமல் வழிமுறையின் வகை வாரியாக, எளியதிலிருந்து கடினமானதற்கு. பதிலீட்டு வினைகளும் நீக்க வினைகளும் ஒன்றோடொன்று போட்டியிடும் சிக்கலான பகுதி பின்னால் தள்ளிவைக்கப்பட்டது. நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் அந்தப் பகுதிதான் மாணவர் முதலில் சந்திக்கும் வழிமுறை. இவ்விரு வினைகளின் நான்கு வகை வழிமுறைகளில் எது எப்போது நிகழும் என்பதைக் கரைப்பான், காரத்தின் வலிமை, கார்பனின் வகை எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்மானிக்கச் சொல்லும் கேள்வியை அம்புக்குறியே பழகாதவரிடம் கேட்டால், ‘வராது’ என்ற முடிவுக்கு அவர் வருவதில் வியப்பென்ன?

இணைவுபெற்ற கல்லூரியில் பாடத்திட்டத்தைத் தொட முடியாது. தன்னாட்சிக் கல்லூரியிலும் பாடத்திட்டக் குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். முழு மாற்றம் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பருவத்தின் முதல் இரண்டு வாரங்களை அம்புக்குறிக்கும் அமில-கார வினைகளுக்கும் ஒதுக்கிவிட்டு, அலகுகளை உங்கள் வரிசைப்படி நடத்துவது. பருவத்தேர்வு எல்லா அலகுகளையும் ஒரே நாளில் கேட்பதால் வரிசை மாறுவது அங்கே தெரியாது.

அகத்தேர்வில் தெரியும், அதுவே இதன் மறைசெலவு. முதல் அகத்தேர்வுக்கு முதல் இரு அலகுகள் என்று துறை முடிவு செய்திருக்க, உங்கள் வகுப்பு அதில் பாதியைத்தான் முடித்திருக்கும். இணை வகுப்பின் சராசரியைவிட உங்கள் சராசரி குறையும். மாணவர்களே ‘பக்கத்து வகுப்பில் இரண்டாம் அலகு முடிந்துவிட்டது’ என்பார்கள். இதைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவைக்காதவர் பாதி வழியில் பின்வாங்க நேரிடும். கடைகளில் விற்கும் கைடுகள் பழைய வரிசையில் இருப்பதால், வகுப்புக்கு வராத மாணவருக்கு இது கூடுதல் சுமை என்பதையும் மறைப்பதற்கில்லை.

பொருந்தும் இடம்: ‘வராது’ என்பவர்கள் நிறைந்த முதல், இரண்டாம் ஆண்டு வகுப்பு, ஒரே ஆசிரியர் முழுத் தாளையும் நடத்தும் நிலை. தாளை இரண்டு பேர் பங்கிட்டு நடத்தும் துறையில் மற்றவரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே.

## 3. குழுப் பணித்தாள்

வழிகாட்டலுடன் தாமே கண்டறியும் இந்த முறை ‘போகில்’ என்ற பெயரில் 1990-களில் அமெரிக்காவின் பிராங்க்ளின் அண்ட் மார்ஷல் கல்லூரியில், வேதியியல் வகுப்புகளிலேயே உருப்பெற்றது. மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட குழு; ஒருவர் நேரத்தைக் கவனிப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் வகுப்புக்கு எடுத்துச் சொல்வார். ஆசிரியர் விளக்கம் தருவதில்லை, தரவைத் தருகிறார்.

எடுத்துக்காட்டாக, எஸ்என்2 வினையின் (கருக்கவர் பொருள் தாக்கும்போதே பழைய தொகுதி விலகும் ஒரே படிப் பதிலீடு) ஒப்பு வேகங்கள்: மெத்தில் 30, எத்தில் 1, ஐசோபுரொப்பைல் 0.025, நியோபென்டைல் 0.00001. நான்கு எண்களும் நான்கு வடிவங்களும் மட்டுமே தாளில் இருக்கும். முதல் கேள்வி, வேகம் எந்தத் திசையில் குறைகிறது? அடுத்தது, மாறிக்கொண்டே போவது எது? நியோபென்டைல் ஒரு முதன்மை ஹாலைடு. அது ஏன் ஐசோபுரொப்பைலைவிடவும் பின்தங்குகிறது? இந்தக் கடைசிக் கேள்வியில் வகுப்பறை இரைச்சலாகிவிடும். ‘முதன்மை என்றால் வேகம்’ என்ற மனப்பாட வரி அங்கே உடைகிறது. கருக்கவர் பொருள் நெருங்கும் பாதையை அடுத்த கார்பனில் இருக்கும் தொகுதிகளும் மறைக்கக்கூடும் என்பதை ஒருவர் மற்றவருக்குக் கைவிரல்களால் காட்டிக்கொண்டிருப்பார். அந்த விளக்கம் தமிழில் நடக்கிறது என்பது இம்முறையின் பெரிய ஆதாயம். ஆசிரியர் முன் ஆங்கிலத்தில் வாய்திறக்காதவர் நண்பரிடம் தாராளமாகப் பேசுகிறார். கலைச்சொல் ஆங்கிலத்தில் தாளில் ஏறுகிறது.

மாணவர் செயல்படும் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடாகவும், மற்றவற்றில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. அறிவியல், பொறியியல், கணிதம் எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு இது. உங்கள் வகுப்பில் இதே வேறுபாடு வரும் என்று உறுதிகூற முடியாது.

மறைசெலவுகள் மூன்று. நல்ல பணித்தாள் ஒன்று தயாரிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும். இரண்டாவதாக, தரையோடு பொருத்திய நீண்ட பெஞ்சுகளில் நான்கு பேர் முகம் பார்த்து உட்கார முடியாது. முன்வரிசையினர் திரும்பி உட்கார்ந்தால் 40 பேர்வரை சமாளிக்கலாம், அதற்குமேல் ஆசிரியர் எல்லாக் குழுவையும் எட்ட முடியாது. மூன்றாவதே எதிர்பாராதது: மாணவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். 2019-இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், தாமே செயல்பட்டவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் மெருகான விரிவுரையைக் கேட்டவர்களே தாம் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். ‘சார் பாடமே நடத்துவதில்லை’ என்ற வரி பருவ இறுதிக் கருத்துப் படிவத்தில் வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று முதல் நாளே வகுப்பில் விளக்கிவிடுவது இந்த எதிர்ப்பைக் குறைக்கும்.

## 4. மூத்த மாணவர் தலைமையில் சிறு குழுக்கள்

நியூயார்க் நகரக் கல்லூரியில் 1990-களின் தொடக்கத்தில் வேதியியலுக்கென்றே தொடங்கப்பட்டது. அதே தாளை முந்தைய ஆண்டு நன்றாக முடித்த மாணவர் ஒருவர், ஆறு முதல் எட்டு பேர் கொண்ட குழுவை வாரம் ஒருமுறை கணக்குகள் போடவைக்கிறார். அவர் பாடம் நடத்துபவரும் அல்லர், விடைத்தாள் திருத்துபவரும் அல்லர்.

‘என்னைப்போல் தமிழ்வழியில் படித்து வந்த அக்கா இப்போது இதை எளிதாகச் செய்கிறார்’ என்ற காட்சி, ஆசிரியரின் எந்த ஊக்க உரையைவிடவும் வலியது. பெரிய வகுப்பை உடைக்கவும் இதுவே சிறந்த வழி.

தடைகள் நேரத்தில் இருக்கின்றன. கல்லூரி முடிந்தபின் வைத்தால் ஊருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும், காலைச் சுழற்சியில் படித்துவிட்டுப் பிற்பகல் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியாது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே விடுபட்டுப் போவார்கள். கால அட்டவணைக்குள் ஒரு பாடவேளை ஒதுக்க முடிந்தால் மட்டுமே இதில் இறங்குவது நல்லது. வழிநடத்தும் மாணவர்கள் விடையைச் சொல்லிவிடும் ஆசையை அடக்கப் பழக வேண்டும். அதற்கு ஆசிரியர் வாரந்தோறும் அவர்களோடு தனியே உட்கார்ந்து அந்த வாரக் கணக்குகளைப் பேசியாக வேண்டும். பாடம் நடத்தும் சுமை குறையும் என்று நினைத்துத் தொடங்கியவருக்கு இந்தக் கூடுதல் மணி நேரம் உறுத்தும். அந்த மாணவர்களுக்குச் சான்றிதழோ மதிப்பூதியமோ எதுவும் இல்லையென்றால் இரண்டாம் பருவத்தில் யாரும் முன்வர மாட்டார்கள்.

## 5. காணொளியை முன்னதாக அனுப்புதல்

விளக்கத்தை வீட்டில் பார்த்துவிட்டு வகுப்பில் கணக்குப் போடும் தலைகீழ் வகுப்பு. 2007 வாக்கில் கொலராடோவில் இதைப் பரவலாக்கிய பள்ளி ஆசிரியர்கள் இருவருமே வேதியியல் ஆசிரியர்கள்தாம். நம்மிடம் கைப்பேசி இல்லாத மாணவர் அரிது. என்பிடெல், ஸ்வயம் என்ற அரசின் இணையவழிக் கல்வித் தளங்களில் நல்ல விரிவுரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இருந்தும் ஊக்கக் குறைவுக்கான முதல் மருந்தாக இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஊக்கமில்லாதவர் வீட்டில் முக்கால் மணி நேரக் காணொளியைப் பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பின் மீதே இம்முறை நிற்கிறது. தீர்க்க வேண்டிய குறை எதுவோ, அது ஏற்கெனவே தீர்ந்திருந்தால்தான் மருந்து வேலை செய்யும். பார்த்துவிட்டு வந்தவர்களும் பார்க்காமல் வந்தவர்களுமாக வகுப்பு இரண்டாகப் பிளக்கிறது. பார்க்காதவர்களுக்காக ஆசிரியர் மீண்டும் விளக்கத் தொடங்கினால் பார்த்தவர்கள் அடுத்த வாரம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

விதிவிலக்கு ஒன்றுண்டு. ஃபிஷர் அமைப்பை நியூமன் அமைப்பாக மாற்றுவது, ஆர்-எஸ் குறியீடு கண்டறிவது, நாற்காலி வடிவத்தைப் புரட்டுவது போன்ற முப்பரிமாண வேலைகளை நிறுத்தி நிறுத்தி நான்கு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. கரும்பலகையில் ஆசிரியர் நான்கு முறை வரைய முடியாது. கையில் பந்து-குச்சி மாதிரியை வைத்துத் திருப்பிக் காட்டி, தமிழில் பேசி, எட்டு நிமிடத்துக்குள் எடுத்த சொந்தக் காணொளி இந்தத் தலைப்புகளுக்கு விரிவுரையைவிட மேல். மாதிரிகள் வாங்க நிதியில்லையென்றால் களிமண் உருண்டையும் பல்குத்தும் குச்சியும் போதும்.

## 6. வாழ்க்கைத் தொடர்பும் ஆய்வகத் திட்டமும்

‘எதற்கு’ என்று உண்மையாகவே கேட்பவருக்கு உரியது இது. நம்மைச் சுற்றிச் சான்றுகளுக்குக் குறைவில்லை. மருதாணி தோலிலும் நகத்திலும் முடியிலும் ஏறுகிறது என்றால், மூன்றிலும் கெரட்டின் புரதம் இருக்கிறது. இலையிலுள்ள லாசோன் அந்தப் புரதத்தின் கருக்கவர் தொகுதிகளோடு மைக்கேல் சேர்க்கை (கார்பனைலை அடுத்த இரட்டைப் பிணைப்பில் கருக்கவர் பொருள் சேர்வது) வழியில் பிணைகிறது. அவுரிச் சாயம் நீரில் கரையாது. ஒடுக்கினால் காரக் கரைசலில் கரைந்து துணிக்குள் புகும், காற்றுப் பட்டதும் மீண்டும் நீலமாகி உள்ளேயே தங்கிவிடும். 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் இந்திய அவுரி வணிகம் சரிந்த வரலாறு, 1917-இல் அவுரி விவசாயிகளுக்காகக் காந்தி போராடிய சம்பாரண் வரை நீள்கிறது.

கதையின் இறுதியில் வேதியியல் கேள்வி ஒன்று இல்லையென்றால் இவையெல்லாம் பொழுதுபோக்காகவே முடியும். ‘லாசோனின் அமைப்பைப் பார்த்து, எந்தக் கார்பனை அமினோ தொகுதி தாக்கும் என்று அம்பு போடுங்கள்’ என்று முடித்தால் பாடம். ‘ஆகவே வேதியியல் எங்கும் இருக்கிறது’ என்று முடித்தால் கதை மட்டுமே.

ஆய்வகத்தில் இதே நோக்கத்தை இன்னும் ஆழமாக நிறைவேற்றலாம். வழக்கமான கரிமச் சேர்மப் பகுப்பாய்வில் நடப்பதை எல்லோரும் அறிவோம்: குப்பியைத் திறந்ததும் வாதுமை மணம் வந்தால் பென்சால்டிஹைடு, ஆண்டுதோறும் சுற்றிவரும் அதே பத்துப் பதினைந்து சேர்மங்கள், பெயரை முடிவு செய்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் சோதனைகளைப் பின்னாலிருந்து முன்னால் எழுதுவது. வழிமுறையில் அம்புகளால் அலங்கரிக்கும் அதே பழக்கம் இங்கே நீலநிற வீழ்படிவுகளால் அலங்கரிக்கிறது. விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாத சிறு திட்டம் ஒன்றைக் கொடுத்தால் இது மாறும். கடையில் வாங்கிய நான்கு வகை மஞ்சள்தூளிலிருந்து நிறப்பொருளைப் பிரித்து மென்படல நிறப்பிரிகையில் ஒப்பிடுவது, மிளகிலிருந்து பைப்பரின் எடுத்து விளைச்சலைக் கணக்கிடுவது போன்றவை இளநிலை ஆய்வகத்திலேயே முடியக்கூடியவை.

செலவு இங்கேதான் மிகுதி. கரைப்பான்கள், சிலிக்கா தகடுகள், கழிவை அகற்றும் ஏற்பாடு, இவற்றுக்குமேல் ஆய்வக உதவியாளரின் ஒத்துழைப்பு. கண்ணாடித் துண்டில் சிலிக்கா குழம்பைப் பூசிக் காயவைத்துத் தகடு செய்தால் பணம் மிச்சம், நேரம் செலவு. நிறமாலை எடுக்க வெளியே அனுப்பினால் மாதிரிக்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. 60 பேர் வகுப்பில் இதைத் தொடங்குவது பாதுகாப்புக்கே கேடு; 15 பேர் கொண்ட மூன்றாம் ஆண்டு வகுப்பில் இதற்கு இணையான வேறு முறை இல்லை.

## ஒரே பார்வையில்

| முறை | எந்தக் குறைக்கு | ஆசிரியர் நேரம் | பணச்செலவு | ஏற்ற வகுப்பளவு | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| வாரச் சிறுதேர்வு | வராது | நடுத்தரம் | இல்லை | எதுவும் | திருத்தும் சுமை, மதிப்பெண் மோகம் |
| வழிமுறை முதலில் | வராது | தொடக்கத்தில் அதிகம் | இல்லை | எதுவும் | முதல் அகத்தேர்வில் சரிவு |
| குழுப் பணித்தாள் | வராது, ஓரளவு எதற்கு | அதிகம் | நகல் செலவு | 40 வரை | மாணவர் அதிருப்தி, இருக்கை |
| மூத்த மாணவர் குழு | வராது | நடுத்தரம் | சிறு மதிப்பூதியம் | பெரிய வகுப்பு | நேர ஒதுக்கீடு, வாராந்தரப் பயிற்சி |
| முன்னனுப்பும் காணொளி | தனித்து எதற்கும் அன்று | முதல் ஆண்டு மிக அதிகம் | குறைவு | எதுவும் | வகுப்பு இரண்டாகப் பிளத்தல் |
| தொடர்பும் திட்டமும் | எதற்கு | அதிகம் | அதிகம் | 20 வரை | பாதுகாப்பு, கரைப்பான் கழிவு |

## எந்த நிலையில் எது

இணைவுபெற்ற கல்லூரியில், 60 பேர் கொண்ட இரண்டாம் ஆண்டு வகுப்பை ஒருவரே நடத்துகிறார் என்றால், முதல் இரண்டு வாரம் அம்புக்குறி, அதையொட்டி வாரச் சிறுதேர்வு என்ற சேர்க்கையே என் பரிந்துரை. இரண்டும் பணம் கேட்பதில்லை. ஒன்று கற்றுக்கொடுப்பதை மற்றொன்று வாரந்தோறும் சோதிக்கிறது. இதே வகுப்புக்குக் கால அட்டவணையில் ஒரு பாடவேளை கிடைத்தால் மூத்த மாணவர் குழுவைச் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் மாலையில் வைத்து ஈடுகட்ட முயல வேண்டாம்.

தன்னாட்சிக் கல்லூரியில் 30 அல்லது 40 பேர், நகர்த்தக்கூடிய இருக்கைகள் என்றால் பணித்தாள் முறைக்குப் போகலாம். ஆனால் ஒரு பருவத்துக்கு ஐந்தாறு தாள்களுக்குமேல் முதல் ஆண்டில் திட்டமிட வேண்டாம். பதிலீட்டு-நீக்கப் போட்டி, அரோமேட்டிக் வளையத்தில் திசைப்படுத்தும் விளைவு, கார்பன்நேர் அயனியின் நிலைப்புத்தன்மை போன்று தரவிலிருந்து விதியைக் கண்டறியக்கூடிய தலைப்புகளே பணித்தாளுக்கு ஏற்றவை. பெயரிடும் முறையைக் குழுவாகக் ‘கண்டறிய’ வைப்பது நேர விரயம். அதை நேரடியாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

வகுப்பில் பாதிப்பேர் மருத்துவ நுழைவுத்தேர்வில் இடம் கிடைக்காமல் வேதியியலுக்கு வந்தவர்கள், அடிப்படை நன்றாக இருக்கிறது, மனம் மட்டும் இங்கே இல்லை என்றால், அது ‘எதற்கு’ வகை. அவர்களுக்குச் சிறுதேர்வு சலிப்பையே கூட்டும். மருந்து மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டு கேள்வி எழுப்புவதும், ஐதராபாத்திலோ கடலூர் சிப்காட்டிலோ வேலைபார்க்கும் முன்னாள் மாணவரை அழைத்து ஒரு தொகுதி மருந்து தயாரிப்பில் என்னென்ன தவறலாம் என்று பேசவைப்பதும், முதுநிலைக்கான ஜாம் தேர்வின் வினாத்தாளை முன்கூட்டியே காட்டுவதும் இங்கே எடுபடும்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு பருவத்தில் இரண்டுக்குமேல் புகுத்தினால், எது வேலை செய்தது என்று பிரித்தறிய முடியாது. தேர்ந்தது பயன்தருகிறதா என்று பார்க்கப் பருவத்தேர்வு முடிவுவரை காத்திருக்கவும் வேண்டாம். அமில ஊக்கி அசிட்டோன் கேள்வியை முதல் வாரத்தில் ஒருமுறை கொடுத்துவைத்து, அதையே முன்னறிவிப்பின்றி, மதிப்பெண்ணின்றி ஆறாவது வாரத்தில் மீண்டும் கொடுங்கள். விடை சரியா என்று எண்ணுவதைவிட, எத்தனை பேர் இடமிருந்து வலமாக எழுதுகிறார்கள், எத்தனை பேரின் அம்பு ஆக்சிஜனின் தனி இணையில் தொடங்குகிறது என்று வரிசைகளுக்கிடையே நடந்து எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நகரவில்லையென்றால் பருவத்தின் பாதி இன்னும் கையில் இருக்கிறது. முறையை மாற்ற அது போதும்.